வீராணம் ஏரி நிரம்பிவிட்டால் சென்னைக்குக் கோடை வரை கவலை இல்லையா?

போரூர்மேற்கு எழுதியது:

கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரி அதன் முழுக் கொள்ளளவான 47.5 அடியை எட்டிவிட்டது, இனிச் சென்னைக்குக் குடிநீர்த் தட்டுப்பாடு இராது என்று அநேகமாக ஒவ்வோர் ஆண்டும் ஒரு செய்தி வருகிறது. சில ஆண்டுகளில் அதே ஏரி கோடையில் வறண்டு, சென்னைக்கு நீர் அனுப்புவது நிறுத்தப்பட்டது என்ற செய்தியும் பின்னாலேயே வந்துவிடுகிறது. 2024ஆம் ஆண்டு அப்படித்தான் நடந்தது. நான் குடியிருப்பது சென்னையின் மேற்குப் பகுதியில். போரூர் நீர்ப்பகிர்மான நிலையத்துக்கு வரும் வீராணத்து நீர்தான் எங்கள் குழாய்களிலும் பெரும்பாலும் வருகிறது என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். நிரம்பியிருந்த ஏரி சில மாதங்களுக்குள் எப்படிக் காலியாகிறது, சென்னை எடுப்பது எவ்வளவு, வயலுக்குப் போவது எவ்வளவு, இவற்றை யார் எந்தக் கணக்கின்படி முடிவு செய்கிறார்கள் என்பதை விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும். எந்தக் கட்சியின் ஆட்சியில் நடந்தது என்ற வாதத்தை இந்த இழையில் தவிர்த்துவிடலாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மதகடி எழுதியது:

பாசனப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் அடிப்படைச் செய்திகளை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

47.5 அடி என்பது ஏரியின் ஆழம் அன்று. அது கடல்மட்டத்திலிருந்து கணக்கிடப்படும் உயரம். ஏரியின் தரையே ஏறக்குறைய நாற்பதடியை ஒட்டித்தான் இருக்கிறது என்பதால், நிரம்பிய நாளிலும் பெரும்பாலான இடங்களில் சில அடி ஆழத்துக்குத்தான் தண்ணீர் நிற்கும். செய்தித்தாளில் 40 அடி என்று படிப்பவர்கள் ஏரியில் இன்னும் முக்கால் பங்குக்கு மேல் நீர் இருப்பதாக எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் அந்த நிலையில் சென்னைக்கு நீர் இறைப்பதே சிரமமாகிவிடும்.

முழுக் கொள்ளளவு 1,465 மில்லியன் கனஅடி, அதாவது ஒன்றரை டி.எம்.சி.க்குச் (ஆயிரம் மில்லியன் கனஅடி ஒரு டி.எம்.சி.) சற்றுக் குறைவு. செம்பரம்பாக்கத்தின் கொள்ளளவு 3,645, புழல் 3,300, பூண்டி 3,231, சோழவரம் 1,081, கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை 500 மில்லியன் கனஅடி. வீராணத்தையும் சேர்த்தால் சென்னைக்கான ஆறு ஏரிகளின் மொத்தம் 13,222 வருகிறது. அதில் ஒன்பதில் ஒரு பங்கைத்தான் வீராணம் தேக்குகிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

நீர் வரும் வழி இது. மேட்டூரில் திறக்கும் காவிரி நீர் கொள்ளிடம் வழியாகக் கீழணைக்கு வந்து, அங்கே பிரியும் வடவாறு வழியாக ஏரிக்குள் இறங்குகிறது. கீழணை 1836இல் ஆர்தர் காட்டன் கட்டியது. அதில் தேங்குவதே 9 அடிதான், ஆகவே அதை நீர்த்தேக்கம் என்பதைவிட நீரைத் திருப்பிவிடும் அணை என்பதே பொருத்தம். இது தவிர, அரியலூர், ஜெயங்கொண்டம் பக்கத்து மழைநீரைச் செங்கால் ஓடையும் கருவாட்டு ஓடையும் கொண்டுவந்து சேர்க்கின்றன. சென்னைக்கான நீர் ஏரியின் வடகோடிப் பக்கத்தில் எடுக்கப்பட்டு, சேத்தியாத்தோப்பு நீரேற்று நிலையத்திலிருந்து நெய்வேலிக்கு அருகே வடக்குத்துக்குச் சென்று சுத்திகரிக்கப்பட்டு, கடாம்புலியூர் வரை இறைக்கப்பட்டு, அங்கிருந்து புவியீர்ப்பில் சென்னையை அடைகிறது. வழிநெடுகக் கணக்கிட்டால் இருநூறு கிலோமீட்டருக்கு மேல். அளவு நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர். எங்கள் துறைக் கணக்கில் வினாடிக்கு 74 கனஅடி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லால்பேட்டைக்கரை எழுதியது:

ஐயா சொன்னவை எல்லாம் சரி. ஆனால் அந்த ஆறு ஏரிப் பட்டியலிலேயே எங்களுக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. இந்த ஏரி சென்னைக்காக வெட்டப்பட்டதில்லை. முதலாம் பராந்தகன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டில், அவன் மகன் இராசாதித்தன் வெட்டுவித்தான் என்றும், பராந்தகனின் வீரநாராயணன் என்ற பட்டப்பெயரையே ஏரிக்கு வைத்தான் என்றும் வழிவழியாகச் சொல்லி வருகிறோம். அந்த இராசாதித்தன் 949இல் தக்கோலத்துப் போரில் மாண்டுபோனான். அவன் ஏரி ஆயிரம் ஆண்டு கடந்தும் வேலை செய்கிறது. காட்டுமன்னார்கோயில், சிதம்பரம், புவனகிரி பக்கங்களில் 44,856 ஏக்கர் இதன் பாசனத்தில் இருக்கிறது. சென்னைக் குடிநீர் என்பது 2004க்குப் பிறகு வந்து சேர்ந்த தேவை.

தண்ணீர் கொடுக்கக்கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் சென்னையில்தான் வேலை பார்க்கிறார்கள். எங்கள் சிக்கல் எந்த மாதத்தில் எடுக்கப்படுகிறது என்பதில்தான் இருக்கிறது. ஆகஸ்டு, செப்டம்பரில் மதகைத் திறந்து சம்பாவுக்குத் தண்ணீர் விடுகிறார்கள். மேட்டூரில் நீர் இருந்து, கொள்ளிடத்தில் வந்துகொண்டிருக்கும்வரை சென்னைக்கு எழுபது கனஅடி போவது எங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தால் தண்ணீர் வேண்டாம் என்று நாங்களே சொல்லுவோம். தை பிறக்கும்போது கதிர் பால் பிடித்து நிற்கும், கடைமடையில் நடவு தாமதமானவர்களுக்கு இன்னும் ஒரு தண்ணீர் வேண்டியிருக்கும். சரியாக அந்த நேரத்தில்தான், கோடையில் சென்னைக்கு வேண்டும், ஏரியை இறக்கக்கூடாது என்று மதகின் ஷட்டரை இறக்கிவிடுகிறார்கள். கரைமேல் நின்று பார்த்தால் ஏரி நிறையத் தண்ணீர். கரைக்குக் கீழே கதிர் வாடும். அதைப் பார்த்துக்கொண்டிருப்பவனிடம் ஒன்பதில் ஒரு பங்கு என்ற கணக்கைச் சொல்லிப் பயனில்லை.

கிணற்றடி எழுதியது:

லால்பேட்டை அண்ணன் சொல்லும் வருத்தம் புரிகிறது. ஆனாலும் சென்னைவாசியாக நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2003, 2004இல் ஏரிகள் எல்லாம் வறண்டு, குழாயில் காற்றுக்கூட வராமல், தெருமுனையில் லாரிக்காகக் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு இரவெல்லாம் விழித்திருந்தவர்கள் எங்கள் தலைமுறைப் பெண்கள். அதன் பிறகுதான் வீராணத்துக் குழாய் வந்தது. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறத்தாழ ஒன்றுமில்லாமல் போனபோது, நகரத்தைத் தாங்கியது கடல்நீர் சுத்திகரிப்பு நிலையங்களும், கல்குவாரி நீரும், இந்த வீராணமும்தான். ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்ததை நாடே பேசியது. ஆனால் ரயில் கொண்டுவந்ததைப் போலப் பல மடங்கு நீரை வீராணத்துக் குழாய் சத்தமில்லாமல் நாள்தோறும் கொண்டுவந்தது. குடிநீருக்கே முதலுரிமை என்று தேசிய நீர்க்கொள்கையும் சொல்கிறது. அந்த முதலுரிமையைத் தை மாதத்தில் கேட்டால் தவறு, ஆடி மாதத்தில் கேட்டால் சரி என்பது எப்படிப் பொருந்தும்?

தீர்ப்புவாசகன் எழுதியது:

முதலுரிமை பற்றிய பேச்சு வந்துவிட்டதால் இதைச் சொல்கிறேன். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் காவிரி வழக்கில் தமிழ்நாட்டுக்கு எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் வரவேண்டிய நீரை 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 ஆகக் குறைத்தது. குறைக்கப்பட்ட 14.75இல் 4.75 டி.எம்.சி. பெங்களூருவின் குடிநீருக்காக. அந்த நகரத்தின் மூன்றில் ஒரு பகுதிதான் காவிரிப் படுகைக்குள் இருக்கிறது என்று நடுவர் மன்றம் முன்பு வைத்திருந்த வரம்பை நீதிமன்றம் ஏற்கவில்லை. குடிநீர் என்று வந்தால் படுகையின் எல்லைக்கோடு தடையாகாது என்பதே அதன் போக்கு. அந்தப் பகுதியைத் தமிழ்நாட்டில் பலரும் கசப்போடுதான் படித்தோம். ஆனால் சென்னையின் நிலை என்ன? நகரம் முழுவதுமே காவிரிப் படுகைக்கு வெளியே இருக்கிறது. நாள்தோறும் 18 கோடி லிட்டர் என்றால் ஆண்டுக்கு 2.3 டி.எம்.சி. காவிரி நீர் படுகையை விட்டு வெளியேறுகிறது. பெங்களூருவுக்கு எதிராக நாம் வைத்த வாதங்களை லால்பேட்டையிலிருந்து சென்னைக்கு எதிராக அப்படியே வைக்க முடியும். ஆகவே முதலுரிமை என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிட்டால் இரு பக்கமும் தங்களுக்கு வசதியான இடத்தில் அதைப் பயன்படுத்திக்கொள்ளும். அளவும் காலமும் எழுதப்பட வேண்டும்.

மதகடி எழுதியது:

அளவையும் காலத்தையும் பார்ப்போம். கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

முதலில் வயல். ஒரு போக நெல்லுக்கு ஏரியிலிருந்து மூன்றடி நீர் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 44,856 ஏக்கருக்கு ஏறத்தாழ 5,860 மில்லியன் கனஅடி வருகிறது. ஏரியின் கொள்ளளவைப் போல நான்கு மடங்கு. மழை கைகொடுத்தால் இது குறையும். அடுத்தது சென்னை. நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் என்பது 6.36 மில்லியன் கனஅடி. ஆண்டு முழுவதும் இறைத்தால் 2,320. இது ஒன்றரை ஏரிக்குச் சற்று மேல். ஆக இரண்டு தேவைகளுக்கும் சேர்த்து இந்த ஏரி ஆண்டுக்கு ஐந்து முறைக்கு மேல் நிரம்பிக் காலியாக வேண்டும். வடவாற்றில் இரண்டாயிரம் கனஅடி விட்டால் ஒன்பது நாளுக்குள் ஏரி நிரம்பிவிடும் என்பதால், காவிரியில் நீர் ஓடும் காலத்தில் இது ஒரு பெரிய வேலையே இல்லை. ஏரி நிரம்பியது என்று அக்டோபரில் வரும் செய்திக்கு நான் பொருள் எதுவும் கற்பிப்பதில்லை. அன்று நிரம்பியது இரண்டு வாரத்தில் இறங்கி மீண்டும் நிரம்பும்.

நெருக்கடி வேறொரு தேதியில் தொடங்குகிறது. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடப்படும். மூடிய நாளிலிருந்து அடுத்த திறப்பு வரை 135 நாள்கள். இந்த 135 நாள்களில் சென்னைக்கு முழு அளவில் அனுப்ப 859 மில்லியன் கனஅடி வேண்டும். இதோடு ஆவியாதலைச் சேர்க்க வேண்டும். வீராணம் ஆழமில்லாமல் அகன்று கிடக்கும் ஏரி. நீர்ப்பரப்பு 30 சதுர கிலோமீட்டர், கோடை வெயிலில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று எடுத்துக்கொண்டால், ஒரு நாளில் வானத்துக்குப் போவது 15 கோடி லிட்டர், அதாவது சென்னை குடிப்பதற்கு ஏறத்தாழச் சமம். நீர் இறங்க இறங்கப் பரப்பும் சுருங்கும் என்பதால் அதைப் பாதியாகவே கணக்கில் எடுத்தாலும், மொத்தம் 1,200ஐத் தாண்டிவிடுகிறது. அடியில் இறைக்க முடியாமல் தங்குவதும் உண்டு. எனவே ஜனவரி 28 அன்று ஏரி விளிம்பு வரை நிறைந்திருந்து, அதன் பின் வயலுக்கு ஒரு சொட்டும் விடாமல் இருந்தால்தான், சென்னைக்கு ஜூன் வரை முழு அளவில் அனுப்ப முடியும். ஷட்டர் தை மாதத்தில் இறங்குவதற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான். நண்பர் கேட்ட முதல் கேள்விக்கும் இதுவே விடை. மேட்டூர் திறப்பு தள்ளிப்போனால் எல்லாம் குலைந்துவிடும். 2024இல் அணை ஜூலை இறுதியில்தான் திறக்கப்பட்டது.

சில ஆண்டுகளில் கோடையிலும் மேட்டூரிலிருந்து குடிநீருக்காகத் திறக்கும் நீரில் ஒரு பகுதியை வீராணத்துக்குத் திருப்புவார்கள். ஏரி வறண்டபோது நெய்வேலிச் சுரங்க நீரையும் அப்பகுதி ஆழ்துளைக் கிணறுகளின் நீரையும் அதே குழாயில் அனுப்பியதுண்டு. இவை நெருக்கடிக்கால ஏற்பாடுகள், ஆதலால் கணக்கில் சேர்க்கவில்லை.

போரூர்மேற்கு எழுதியது:

விளக்கத்துக்கு நன்றி ஐயா. அப்படியானால் ஏரியைத் தூர்வாரி ஆழப்படுத்தினால் இருவருக்கும் போதுமே? ஆவியாதலும் குறையும் அல்லவா?

மதகடி எழுதியது:

தூர்வாருவது அவசியம்தான். செங்கால் ஓடையும் கருவாட்டு ஓடையும் ஒவ்வொரு பெருமழையிலும் வண்டலைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. சென்னைத் திட்டத்துக்காகக் கரையைப் பலப்படுத்தி நீர்மட்டத்தை உயர்த்தியதன் நோக்கமே வண்டலால் இழந்த கொள்ளளவை மீட்பதுதான். ஆனால் 30 சதுர கிலோமீட்டரில் ஓரடி வண்டலை எடுத்தால் தொண்ணூறு லட்சம் கனமீட்டருக்கு மேல் மண் வரும். அதை எங்கே கொட்டுவது, யார் எடுத்துச் செல்வது, மண் என்ற பெயரில் வேறெது போகும் என்ற கேள்விகளுக்கு விடை சொல்லிவிட்டுத்தான் பொக்லைனை இறக்க வேண்டும். அத்தனை வேலைக்கும் கிடைப்பது முந்நூற்றுச் சொச்சம் மில்லியன் கனஅடி. கோடைக்கு அது பெரிய உதவி. அதுவும் மதகு மட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்தில் தேங்கும் நீர் வயலுக்குத் தானாகப் பாயாது. இறைத்துக் குழாயில் அனுப்பத்தான் உதவும். அதாவது சென்னைக்குத்தான் பயன். இதை விவசாயிகளிடம் சொல்லாமல் தூர்வாரும் திட்டங்களை அறிவிப்பது சரியன்று.

லால்பேட்டைக்கரை எழுதியது:

மழைக்காலத்துப் பாட்டையும் சொல்லிவிடுகிறேன், சென்னைக்காரர்களுக்கு இது தெரிந்திருக்காது. ஏரியை 47.5 அடியிலேயே வைத்திருக்கும்போது ஜெயங்கொண்டம் பக்கம் ஓர் இரவு கொட்டித் தீர்த்தால், செங்கால் ஓடையில் வரும் வெள்ளத்தை ஏந்துவதற்கு ஏரியில் இடம் இராது. உடனே லால்பேட்டையில் திறந்து வெள்ளியங்கால் ஓடையில் விடுவார்கள். பூதங்குடியில் திறந்து வெள்ளாற்றில் விடுவார்கள். வெள்ளியங்கால் ஓடைக் கரையில் இருக்கும் திருநாரையூர், சர்வராஜன்பேட்டை பக்கத்து வயல்கள் முழுகிவிடும். அதனால்தான் கார்த்திகையில் ஏரியை ஓரடி ஒன்றரை அடி குறைத்து வைக்கச் சொல்கிறோம். குறைத்து வைத்தால், மழை நின்ற பிறகு நிரப்புவதற்கு மேட்டூரில் நீர் இருக்குமா என்று அதிகாரிகளுக்குப் பயம். கார்த்திகையில் தண்ணீர் மிகுந்து அழிகிறோம், தையில் தண்ணீர் இல்லாமல் அழிகிறோம், இரண்டு முறையும் ஏரி நிரம்பித்தான் இருக்கிறது.

பழையகுழாய் எழுதியது:

இளையவர்களுக்காக ஒரு சிறு குறிப்பு. 2004இல் வந்தது புதிய வீராணம் திட்டம். பழைய திட்டம் 1960களின் இறுதியில் தொடங்கி, குழாய் பதிப்பதோடு நின்றுபோனது. ஆள் நின்று நடக்கும் அளவுள்ள அந்தக் காங்கிரீட் குழாய்கள் நெடுஞ்சாலை ஓரங்களில் பல ஆண்டுகள் கிடந்தன. அவற்றுக்குள் குடும்பங்கள் வாழ்ந்ததை என் வயதுக்காரர்கள் பார்த்திருப்பார்கள். ஊழல் புகார்களை விசாரித்த சர்க்காரியா ஆணையத்தின் விசாரணையில் அந்தத் திட்டமும் இருந்தது. இழையைத் தொடங்கியவர் கேட்டுக்கொண்டபடி அதற்கு மேல் போகவில்லை.

நீர்க்கணக்கு எழுதியது:

மதகடி ஐயா கொடுத்த எண்களை வைத்துக்கொண்டு வேறு பக்கத்திலிருந்து ஒன்றைப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். எல்லோரும் வீராணத்தின் நாள்காட்டியை மட்டும் பார்க்கிறோம். சென்னை ஏரிகளின் நாள்காட்டியையும் அதன் அருகே வைக்க வேண்டும்.

வீராணத்துக்கு நீர் தருவது முதன்மையாகத் தென்மேற்குப் பருவமழை. குடகில் பெய்து மேட்டூர் வழியாக ஜூன் முதல் வருகிறது. செம்பரம்பாக்கமும் புழலும் பூண்டியும் நிரம்புவது வடகிழக்குப் பருவமழையில், அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை. அதாவது காவிரியில் நீர் ஓடத் தொடங்கும் ஜூன், ஜூலையில் சென்னை ஏரிகள் ஆண்டிலேயே மிகவும் தாழ்ந்திருக்கின்றன. காவிரி நின்றுபோகும் ஜனவரி இறுதியில் சென்னை ஏரிகள், மழை பெய்த ஆண்டாக இருந்தால், நிறைந்திருக்கின்றன. இப்படி ஒன்றையொன்று ஈடுசெய்யும் இரண்டு இருப்புகள் கையில் இருக்கும்போது, ஆண்டு முழுவதும் ஒரே அளவில் 18 கோடி லிட்டர் எடுப்பது ஏன்? குழாய் போட்டாயிற்று, ஓடிக்கொண்டிருக்கட்டும் என்ற எண்ணத்தைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

சென்னைக்கு நாள்தோறும் சுமார் 100 கோடி லிட்டர் வழங்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது 35 மில்லியன் கனஅடி. மீஞ்சூரில் 10 கோடி, நெம்மேலியில் 10 கோடி, 2024இல் திறக்கப்பட்ட நெம்மேலி இரண்டாம் நிலையத்தில் 15 கோடி என்று கடல்நீரிலிருந்து 35 கோடி லிட்டர் பெறும் திறன் இருக்கிறது. ஜனவரி 28 முதல் ஜூன் 12 வரை வீராணத்திலிருந்து எதுவும் எடுக்காவிட்டால், கடல்நீர் போக, நகர ஏரிகளிலிருந்து 3,100 மில்லியன் கனஅடி வேண்டும். அதன் பின் அக்டோபர் நடு வரை, வீராணத்தை முழு அளவில் எடுத்துக்கொண்டு, இன்னும் ஒரு 2,100 வேண்டும். மொத்தம் 5,200. ஆவியாதலுக்கும் பழுதுகளுக்கும் மூவாயிரத்தைத் தாராளமாக ஒதுக்கினாலும் 8,200. நகரத்தின் ஐந்து ஏரிகளின் கொள்ளளவு 11,757. ஆந்திரத்திலிருந்து கண்டலேறு வழியாக வரும் கிருஷ்ணா நீரை நான் சேர்க்கவே இல்லை. 1983 ஒப்பந்தப்படி வரவேண்டிய 12 டி.எம்.சி. ஒருபோதும் ஒழுங்காக வந்ததில்லை என்பதால் அது வந்தால் இலாபம்.

ஆகவே என் யோசனை இது. ஜனவரி 28 அன்று நகர ஏரிகளின் இருப்பு 8,500 மில்லியன் கனஅடிக்கு மேல் இருந்தால், அந்த ஆண்டு கோடையில் வீராணத்திலிருந்து சென்னைக்குப் பெயரளவுக்கு மட்டும் எடுப்பது, வயலுக்கு வேண்டிய கடைசி நீரை விடுவது. இருப்பு அதற்குக் கீழே இருந்தால், எவ்வளவு குறைகிறதோ அதற்கேற்பச் சென்னையின் பங்கை உயர்த்துவது. 2019 போன்ற ஆண்டாக இருந்தால் முழுவதும் குடிநீருக்கே. இதை முன்கூட்டியே எழுதி வெளியிட்டால், லால்பேட்டைக்காரர் தன் கடைமடையில் என்ன விதைப்பது என்பதை முன்னதாகவே முடிவு செய்துகொள்ளலாம்.

கிணற்றடி எழுதியது:

கணக்கு அழகாக இருக்கிறது. எனக்கு இரண்டு ஐயங்கள். கடல்நீர் நிலையங்கள் முழுத் திறனில் ஓடும் என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். பராமரிப்புக்காக நிறுத்தப்படும் என்ற அறிவிப்பை நாங்கள் அடிக்கடிப் பார்க்கிறோம். அதோடு, கடல்நீரிலிருந்து ஆயிரம் லிட்டர் குடிநீர் எடுக்க மூன்று நான்கு யூனிட் மின்சாரம் ஆகிறது. வீராணத்து நீரைவிட அது விலை கூடியது. விலை கூடியதை நகரம் ஏற்குமா? இரண்டாவது ஐயம் இன்னும் முக்கியமானது. போரூருக்கு வரும் வீராணத்து நீரை நிறுத்தினால், அந்த வீடுகளுக்குச் செம்பரம்பாக்கத்து நீர் அதே அளவில் போய்ச் சேருமா? நகரத்தில் மொத்தமாக நீர் இருந்தும், ஒரு பகுதிக் குழாயில் வராமல் லாரிக்குப் பணம் கொடுத்த அனுபவம் எங்களுக்கு உண்டு.

மதகடி எழுதியது:

அம்மாவின் இரண்டாம் ஐயம் நியாயமானது. ஆனால் செம்பரம்பாக்கத்தில் நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் நிலையம் இருக்கிறது, அதுவும் போரூரும் நகரத்தின் ஒரே பக்கத்தில்தான். கடினமான பொறியியல் வேலை எதுவும் அங்கே எஞ்சியிருப்பதாக நான் நினைக்கவில்லை; நகரத்துக்குள் ஒரு பகுதியின் நீரை இன்னொரு பகுதிக்குத் திருப்பும் இணைப்புகளைப் பெருக்கினால் போதும். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கனஅடி அடையாற்றில் போன அந்த வாரத்திலும் இருநூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து நீரை இறைத்து வருவது போன்ற ஒரு ஏற்பாட்டை எந்தப் பொறியாளரும் நியாயப்படுத்த மாட்டார்.

நீர்க்கணக்கு நண்பருக்கு ஓர் எச்சரிக்கை. 8,500 என்ற எல்லை ஒரே ஆண்டுக் கணக்கு. அடுத்த வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் என்ன செய்வது என்பதற்கு அதில் இடமில்லை. 2018இல் மழை பொய்த்ததன் விளைவைத்தான் 2019 கோடையில் பார்த்தோம். பேரூரில் கட்டப்பட்டுவரும் 40 கோடி லிட்டர் நிலையம் ஓடத் தொடங்கும் வரை அந்த எல்லையை ஒன்பதாயிரத்துக்கு மேல் வைப்பதே பாதுகாப்பு. ஜனவரி இறுதியில் ஒன்பதாயிரத்தைத் தொடாத ஆண்டுகளும் இருக்கும். அவற்றில் லால்பேட்டைக்காரருக்கு இந்த விதியால் எதுவும் கிடைக்காது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

லால்பேட்டைக்கரை எழுதியது:

கிடைக்காது என்று மார்கழியிலேயே எழுதிக் கொடுத்துவிட்டால் அதையும் ஏற்றுக்கொள்வோம் ஐயா. அப்படிப்பட்ட ஆண்டில் பின்பட்டத்து நடவைத் தவிர்த்துவிட்டு நேரடியாக விதைத்து முன்னதாக அறுத்துவிடுவோம், அறுப்புக்கு முன் உளுந்தைத் தெளித்துவிடுவோம். இப்போது எங்களுக்குத் தெரிவதெல்லாம் ஷட்டர் இறங்கிய மறுநாள்தான். கூட்டம் போட்டுப் பேசும்போதும் ஏரியின் அடிக்கணக்கைச் சொல்கிறார்களே ஒழிய, சென்னை ஏரிகளில் எவ்வளவு இருக்கிறது என்று ஒருவரும் சொன்னதில்லை. அந்த எண் நாள்தோறும் வெளியாகிறது என்பதே உங்களில் பலர் எழுதிய பிறகுதான் எங்கள் ஊர்ப் பையன்கள் தேடி எடுத்துக் காட்டினார்கள்.

ஒன்றைக் கணக்குப் போட்டுச் சொல்லுங்கள். தையில் நாங்கள் கேட்கும் அந்த ஒரு தண்ணீர் எவ்வளவு? அதைக் கொடுத்தால் சென்னைக்கு எத்தனை நாள் தண்ணீர் குறையும்? இதைச் சொல்லித்தான் எங்களை ஒவ்வோர் ஆண்டும் வாயடைக்கிறார்கள்.

நீர்க்கணக்கு எழுதியது:

ஆயக்கட்டு (ஏரியின் பாசன நிலம்) முழுவதற்கும் இரண்டு அங்குல நீர் விட்டால் 326 மில்லியன் கனஅடி ஆகும். அது வீராணத்திலிருந்து சென்னைக்குப் போகும் 51 நாள் நீருக்குச் சமம். உங்களிடம் சொல்லப்படும் எண் இதுவாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் தையில் எல்லா வயலுக்கும் அந்த நீர் தேவைப்படாது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கடைமடையும் பின்பட்டத்து நடவும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்கு என்று கொண்டால் 109 மில்லியன் கனஅடி, 17 நாள். வாய்க்காலில் உறிஞ்சப்படுவதற்குக் கூடுதலாகக் கொஞ்சம் வைத்துக்கொள்ளலாம்.

அதே 109 மில்லியன் கனஅடி, நிரம்பிய செம்பரம்பாக்கத்தில் நூற்றுக்கு மூன்று பங்கு.

போரூர்மேற்கு எழுதியது:

அந்த 17 நாள் எங்கள் போரூர்ப் பகுதிக்குச் செம்பரம்பாக்கத்திலிருந்து நீரைத் திருப்ப இப்போதுள்ள இணைப்புகளே போதுமா, போதாவிட்டால் எந்த இடத்தில் குழாய் போட வேண்டும் என்று குடிநீர் வாரியத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு எழுதுகிறேன். மதகடி ஐயா கேள்விகளைச் சரிபார்த்துத் தந்தால் உதவியாக இருக்கும். பதில் வந்ததும் இதே இழையில் இடுகிறேன்.